பெரிய ஒன்லைன் தளங்களைக் கட்டுப்படுத்த நான்கு வழிகள்: கிழக்கின் சிறு வியாபாரிக்கு எது கைகொடுக்கும்?

பெரிய ஒன்லைன் தளங்களுக்கு ஒரு கடிவாளம் வேண்டும் என்பதில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நான் பேசிய வியாபாரிகள் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. எந்தக் கடிவாளம் என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. ஒருவர் ஐரோப்பாவைப் பார் என்கிறார். இன்னொருவர் இந்தியா தானாகவே ஒரு வலையமைப்பைக் கட்டியதைச் சொல்கிறார். இருக்கிற சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தினாலே போதும் என்பவர்களும் உண்டு. சங்கத்தின் பெயரில் ஒரு கோரிக்கைக் கடிதம் எழுத உட்கார்ந்தால் முதல் பந்தியைத் தாண்ட முடியவில்லை என்று சிலர் என்னிடமே கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

இது கொழும்பில் இருப்பவர்கள் மட்டும் பேசவேண்டிய விடயம் இல்லை. மருதமுனைச் சாறி பேஸ்புக்கில் விற்கிறது. பாசிக்குடா, அறுகம்பே அறைகள் புக்கிங் டொட் கொம், அகோடா, எயார்பிஎன்பி வழியாக நிரம்புகின்றன. நாலைந்து வாசல்கள் வழியாகவே இவ்வளவு வியாபாரமும் நடக்கும்போது, அந்த வாசல்களின் விதியை யார் எழுதுவது என்பது எங்களுக்கு வயிற்றுப்பாட்டுக் கேள்வி.

## எதை வைத்து எடைபோடுவது

எனக்கு முதல் அளவுகோல் காலம். மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு நெசவுக் குடும்பத்தின் விற்பனைக் கணக்கை, நோன்புப் பெருநாளுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது ஒரு தளம் முடக்கிவிட்டது. திரையில் வந்தது ஆங்கிலத்தில் இரண்டே வரி: விதியை மீறிவிட்டீர்கள், மேன்முறையீடு செய்யலாம். பொத்தானை அழுத்தினால் ஒரு படிவம் வந்தது. அதை நிரப்பி அனுப்பினால் அதே இரண்டு வரி மின்னஞ்சலாகத் திரும்பி வந்தது. எடுத்துப் பேச ஒரு தொலைபேசி இலக்கம் இல்லை. தறியில் பாவு ஏறியிருந்தது, சாயமிட்ட நூலுக்குக் காசும் கொடுத்தாயிற்று. கணக்கு திரும்பக் கிடைத்தபோது பெருநாள் கடந்துவிட்டது. எந்த விதியை மீறினார்கள் என்பது இன்றுவரை அவர்களுக்குத் தெரியாது. ஏழு வருடம் கழித்து வரப்போகும் மிக நல்ல தீர்ப்பு ஒன்றை வைத்து அந்தக் குடும்பம் என்ன செய்யும்? ஆகவே எந்த வழியைப் பார்த்தாலும், ஒரு பருவம் முடிவதற்குள் தீர்வு தருமா என்பதைத்தான் முதலில் கேட்கிறேன்.

இரண்டாவது, நிரூபிக்கும் சுமை யார் தலையில், எந்த ஊரில், எந்த மொழியில் என்பது. அக்கரைப்பற்றில் இருப்பவர் இரவு பஸ் ஏறிக் கொழும்புக்குப் போய், ஆங்கிலத்தில் சத்தியக்கடதாசி கொடுத்தால்தான் முறைப்பாடு எடுபடும் என்றால், அந்தச் சட்டம் அவருக்கு இல்லாத சட்டம்தான்.

மூன்றாவது அரசின் கைபலம். விதியை எழுதுவது சுலபம், அதை நடைமுறைப்படுத்த ஆட்கள் வேண்டும். தளங்களின் கணினி முறைகளை வாசிக்கத் தெரிந்தவர்களும், வருடக்கணக்கில் வழக்காடக்கூடிய சட்டத்தரணிகளும் வேண்டும். 2024 குடிசன மதிப்பீட்டின்படி நாங்கள் ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் பேர். உலகத் தளங்களுக்கு இது சிறிய சந்தை என்பதை மறந்து கணக்குப் போட முடியாது.

நான்காவது மறைமுகச் செலவு. விதி வந்ததும் தளம் அந்தச் செலவைக் கொமிஷனில் ஏற்றலாம், ஒரு சேவையைத் தராமல் நிறுத்திவைக்கலாம். கடைசியாக, உள்ளூர் முயற்சிகளுக்கு என்ன ஆகும் என்றும் பார்க்கவேண்டும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் வாட்ஸ்அப் குழு வைத்துச் சாப்பாடு டெலிவரி தொடங்கும் பிள்ளைகளை, கூகுளுக்காக எழுதிய சட்டம் ஒன்று முளையிலேயே கிள்ளிவிடக் கூடாது.

இந்த ஐந்தில் முதல் இரண்டுக்கும் நான் இரட்டை எடை கொடுக்கிறேன். நீங்கள் வேறு மாதிரி எடை போட்டால் முடிவும் வேறு மாதிரி வரலாம்.

## வழி 1: இருக்கும் சட்டத்தைக் கூர்மையாக்குவது

தவறு நடந்த பிறகு விசாரித்துத் தண்டிப்பது பழைய வழி. உலகில் அதிக நாடுகளில் உள்ளதும் இதுதான். இலங்கையில் 1987 இல் நியாயமான வர்த்தக ஆணைக்குழு வந்தது. ஏகபோகம், நிறுவன இணைப்பு, போட்டியைக் கெடுக்கும் நடத்தை ஆகிய மூன்றையும் பார்க்க அதற்கு அதிகாரம் இருந்தது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதன் இடத்தைப் பிடித்தபோது, ஏகபோகத்தையும் இணைப்பையும் பார்க்கும் அதிகாரங்கள் விடுபட்டுப்போயின. போட்டியைத் தடுக்கும் அல்லது திரிக்கும் நடத்தையை விசாரிக்கும் அதிகாரம் மட்டும் மிஞ்சியது. அதைத் தானாகவும் தொடங்கலாம், முறைப்பாட்டின் பேரிலும் தொடங்கலாம். ஆனால் மக்கள் மனதில் அந்த அதிகாரசபை என்றால் அரிசி விலையும் காலாவதியான பிஸ்கட்டும்தான். அதன் ஆட்பலமும் பெரும்பாலும் அங்கேதான் போகிறது.

இந்த வழியின் பலம் அதன் நிதானம். ஒவ்வொரு விடயத்தையும் அதனதன் தன்மையில் பார்ப்பதால் நல்லதையும் சேர்த்து வெட்டிவிடும் ஆபத்து குறைவு. இந்தியாவின் போட்டி ஆணைக்குழு 2002 ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்தே 2022 ஒக்டோபரில் அன்ட்ரொய்ட் விடயத்தில் கூகுளுக்கு 1,337.76 கோடி இந்திய ரூபா அபராதம் போட்டது. வாட்ஸ்அப்பின் 2021 தனியுரிமைக் கொள்கைக்காக அதன் உரிமையாளரான மெட்டாவுக்கு 2024 நவம்பரில் 213.14 கோடி. அதாவது சட்டம் பழையதாக இருந்தாலும், பிடிக்க வேண்டும் என்று நினைத்தால் பிடிக்கலாம்.

பலவீனம் காலம். கூகுள் தன் சொந்த விலை ஒப்பீட்டுச் சேவையைத் தேடலில் முன்னால் தள்ளியது பற்றிய விசாரணையை ஐரோப்பிய ஆணைக்குழு 2010 இல் தொடங்கியது. 2.42 பில்லியன் யூரோ அபராதம் வந்தது 2017 இல். ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அதை இறுதியாக உறுதி செய்தது 2024 செப்டெம்பரில். இடைப்பட்ட பதினான்கு வருடத்தில் முறையிட்ட சிறு நிறுவனங்கள் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. வேகமாக முடித்த நாடு சீனா. விற்பனையாளர்களிடம் எங்கள் தளமா, போட்டித் தளமா, ஒன்றைத் தெரிவு செய் என்று நெருக்கியதற்காக அலிபாபா மீது 2020 டிசம்பரில் விசாரணை தொடங்கி, 2021 ஏப்ரலில் 18.2 பில்லியன் யுவான் அபராதம் போட்டது. அந்த வேகத்துக்குப் பின்னால் இருப்பது அந்த அரசின் பலம், அதை இரவல் வாங்க முடியாது. அதே அலிபாபாதான் இங்கே இயங்கும் விற்பனைத் தளமான டராஸை 2018 இல் வாங்கியது. டராஸ் இங்கே அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. நாளைக்கு எந்தத் தளமாவது அப்படி நடந்தால், அதை நான்கு மாதத்தில் விசாரித்து முடிக்க எங்களிடம் யார் இருக்கிறார்கள் என்று கேட்கிறேன்.

வெளியில் தெரியாத செலவு பயம். முறையிடுபவரின் கடையும் அதே தளத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் பலர் வாய் திறப்பதில்லை.

இந்த வழி நன்றாகப் பொருந்துவது, போட்டி நிறுவனங்கள் கூடி விலை பேசிக்கொள்வது போன்ற பழைய வகைத் தவறுகளுக்கும், முன்கூட்டி விதி எழுத முடியாத புது வகைத் தவறுகளுக்கும்.

## வழி 2: பெரியவர்களைப் பெயர் குறித்து முன்கூட்டியே கட்டிவைப்பது

ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைகள் சட்டம் இந்த வகை. தவறு நடக்கும்வரை காத்திருக்காமல், ஓர் அளவுக்கு மேல் வளர்ந்த தளங்களை வாயிற்காவலர் என்று பெயர் குறித்து, செய்யவேண்டியதையும் செய்யக்கூடாததையும் முதலிலேயே பட்டியலிட்டுவிடுகிறது. ஐரோப்பாவில் மாதம் 4.5 கோடி பாவனையாளர், வருடம் 10,000 வணிகப் பாவனையாளர் என்பவை அளவுகோல்களில் சில. 2023 செப்டெம்பரில் கூகுளின் தாய் நிறுவனமான அல்ஃபபெட், அமேசன், அப்பிள், பைட்டான்ஸ், மெட்டா, மைக்ரோசொஃப்ட் ஆகிய ஆறும் பட்டியலில் ஏறின. 2024 மே மாதத்தில் புக்கிங் சேர்ந்தது. மீறினால் உலக வருமானத்தில் 10 வீதம் வரை அபராதம், மீண்டும் மீறினால் 20 வீதம் வரை. 2025 ஏப்ரலில் அப்பிளுக்கு 50 கோடி யூரோவும் மெட்டாவுக்கு 20 கோடி யூரோவும் விழுந்தன.

அறுகம்பேக்காரருக்கு இதில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. பயணத் தளங்களின் ஒப்பந்தங்களில் விலைச் சமநிலை நிபந்தனை என்று ஒன்று வரும். எங்கள் தளத்தில் போட்ட விலையை விடக் குறைவாக உங்கள் சொந்த இணையத்தளத்தில்கூடப் போடாதீர்கள் என்பது அதன் சாரம். ஓர் அறை 12,000 ரூபா, கொமிஷன் 15 வீதம் என்று வையுங்கள். 1,800 ரூபா தளத்துக்குப் போக, விடுதிக்காரர் கையில் 10,200. அதே அறையைத் தன் இணையத்தளத்தில் 11,000 ரூபாவுக்குப் போட்டால் அவருக்கு 800 கூடக் கிடைக்கும், பயணிக்கு 1,000 மிச்சம். இரண்டு பேருக்கும் இலாபமான இந்த விலையைத்தான் அந்த நிபந்தனை தடுக்கிறது. புக்கிங் 2024 ஜூலையிலிருந்து ஐரோப்பியப் பொருளாதார வலயத்தில் இந்த நிபந்தனையைக் கைவிட்டது. அதே மாதம் ஸ்பெயினின் போட்டி அதிகாரசபை, ஹோட்டல்கள் மீது நியாயமற்ற நிபந்தனைகளைச் சுமத்தியதற்காக அந்த நிறுவனத்துக்கு 41.3 கோடி யூரோ அபராதம் போட்டது. அங்கே கிடைத்த விடுதலை தானாகக் கடல் கடந்து பொத்துவிலுக்கு வராது. இங்கே ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் விதி.

அப்படியானால் அதே சட்டத்தை இங்கே கொண்டுவந்துவிடலாமே? எனக்குத் துணிவு வரவில்லை. ஐரோப்பா கேட்கும் 4.5 கோடி பாவனையாளர் எங்கள் சனத்தொகையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். எண்ணைக் குறைத்து எழுதலாம், ஆனால் குறைக்கக் குறைக்க உள்ளூர் நிறுவனங்களும் வலைக்குள் வந்துவிடும். 2024 இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலான உள்ளூர் வாகனச் செயலி பிக்மீ போன்ற ஒன்றை மெட்டாவுடன் ஒரே தட்டில் வைப்பது நியாயமா என்று யோசிக்கவேண்டும். 140 கோடி மக்கள் உள்ள இந்தியாவே 2024 மார்ச்சில் டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவை வெளியிட்டு, எழுந்த எதிர்ப்பில் தயங்கி நின்றது.

சேவை தாமதமாவதும் ஒரு செலவுதான். மெட்டாவின் திரெட்ஸ் செயலி மற்ற நாடுகளுக்கு 2023 ஜூலையில் வந்தது, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு டிசம்பரில்தான் போனது. இன்னொன்று எங்கள் விடுதிக்காரர்கள் கட்டாயம் கவனிக்கவேண்டியது. சட்டத்துக்கு ஏற்பக் கூகுள் தன் தேடல் பக்கத்தை மாற்றியபோது, நேரடியாக வந்துகொண்டிருந்த முன்பதிவு குறைந்து இடைத்தரகுத் தளங்களுக்குப் போகிறது என்று ஐரோப்பிய ஹோட்டல்காரர்களே முறையிட்டார்கள். ஒரு பெரியவரின் கையைக் கட்டியதில் இன்னொரு பெரியவர் பயனடைந்தார்.

இது நன்றாகப் பொருந்துவது, சந்தையே பெரிதாக இருந்து, தளத்தின் கட்டமைப்பிலேயே பிரச்சினை இருக்கும் இடத்தில். செயலிக் கடைகள், தேடல் பட்டியல் போன்றவற்றைத் தனித்தனி வழக்குகளால் திருத்த முடியாது. எங்களைப் போன்ற நாட்டுக்கு இதிலிருந்து ஒரு துண்டை எடுக்கலாம் என்பது என் கருத்து: ஐரோப்பிய வியாபாரிக்குச் சட்டப்படி கொடுத்த உரிமையை இலங்கை வியாபாரிக்கும் கொடு என்று ஒரே ஒரு பிரிவு. தளத்துக்கு அது புதுத் தொழில்நுட்பம் இல்லை, அங்கே ஏற்கெனவே செய்துவிட்ட வேலை. மறுத்தால் காரணத்தை அது வெளிப்படையாகச் சொல்லவேண்டிவரும்.

## வழி 3: தளத்துக்கும் வியாபாரிக்கும் இடையே நடைமுறை நியாயம்

பேச்சில் அதிகம் அடிபடாத வழி இதுதான். கடிதம் எழுதப்போகிறவர்கள் இதில் கொஞ்சம் கூடுதலாக நிற்கவேண்டும் என்று விரும்புகிறேன்.

டிஜிட்டல் சந்தைகள் சட்டத்துக்கு முன்பே ஐரோப்பிய ஒன்றியம் 2019 இல் ஒரு சிறிய ஒழுங்குவிதியை நிறைவேற்றியது. 2020 ஜூலை 12 முதல் அது அமுலில் உண்டு. யார் ஏகபோகம், யார் இல்லை என்ற ஆராய்ச்சிக்கே அது போவதில்லை. வியாபாரிகளை வைத்துப் பிழைக்கும் தளம் என்றால் சில அடிப்படை ஒழுங்குகளைக் கடைப்பிடி என்கிறது. ஒப்பந்த நிபந்தனையை மாற்றுவதானால் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு. கணக்கை முடக்கினால் எழுத்தில் காரணம். அடியோடு நீக்குவதானால் பொதுவாக 30 நாள் முன்னறிவிப்பு. தேடல் பட்டியலில் ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் வருவது எந்த முக்கிய அடிப்படைகளில் என்று வெளிப்படுத்தவேண்டும். தளம் தன் சொந்தப் பொருளுக்குத் தனிச் சலுகை கொடுக்கிறதென்றால் அதையும் சொல்லவேண்டும். சிறிய தளங்களைத் தவிர மற்றவை உள்ளக முறைப்பாட்டு ஏற்பாடு வைத்திருக்கவேண்டும். ஜப்பானும் இதே போக்கில் 2020 இல் ஒரு வெளிப்படைத்தன்மைச் சட்டம் நிறைவேற்றி 2021 இல் அமுலுக்குக் கொண்டுவந்தது.

மருதமுனைக் குடும்பத்தின் கதையை இந்த விதியின் கீழ் ஓட்டிப் பாருங்கள். எந்தப் படத்துக்காக, எந்த விதியின் கீழ் முடக்கினீர்கள் என்று தளம் அன்றைக்கே எழுதித் தந்திருக்கவேண்டும். சாறியின் படம் வேறொருவருடையது என்று தளம் நினைத்திருந்தால், தறியில் கிடக்கும் அதே துணியைப் படம் எடுத்து அனுப்பி அன்று மாலையே தீர்த்திருக்கலாம். விலை போட்ட முறையில் பிழை என்றால் திருத்தியிருக்கலாம். காரணம் தெரியாததால்தான் அவர்கள் வாரக்கணக்கில் ஒரே படிவத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சுமை எங்கே விழுகிறது என்பதும் முக்கியம். தளம் சந்தையைக் கெடுத்தது என்று வியாபாரி நிரூபிக்கத் தேவையில்லை. 15 நாள் முன்னறிவிப்பு வந்ததா, வரவில்லையா? காரணம் எழுதினார்களா, இல்லையா? இதைச் சரிபார்க்கப் பொருளாதார நிபுணர் வேண்டியதில்லை, மாவட்ட அலுவலகத்தில் இருக்கும் ஓர் உத்தியோகத்தரே போதும்.

ஐரோப்பிய விதியை அப்படியே எடுக்காமல் எங்களுக்கு வேண்டியதைச் சேர்க்கவேண்டும். முதலாவது மொழி. கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி. பிரதேச செயலகம் தமிழில் பதில் தரக் கடமைப்பட்டிருக்கும்போது, அதே வீட்டின் வருமானத்தை ஒரே இரவில் நிறுத்தக்கூடிய தளத்துக்கு அந்தக் கடமை இல்லாதது பெரிய குறை. முடக்கல் அறிவித்தல் சிங்களத்திலும் தமிழிலும் வரவேண்டும். இரண்டாவது, இயந்திரப் பதிலோடு நிற்காமல் ஒரு மனிதர் குறித்த நாட்களுக்குள் பார்த்துப் பதில் தரவேண்டும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், முழுக்கத் தானியங்கி முறையில் எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யக் கோரும் உரிமையைத் தனிநபர்களுக்கு எழுதிவைத்திருக்கிறது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் திகதி தள்ளிப்போனது வேறு விடயம். அந்த எண்ணத்தையே சிறு கடைக்கும் நீட்டினால் போதும். மூன்றாவது, ஏற்கெனவே விற்ற பொருளின் காசு. கணக்கை முடக்கினாலும், வாடிக்கையாளர் கையில் சேர்ந்துவிட்ட பொருளுக்கான பணத்தைக் காலவரையின்றிப் பிடித்துவைக்கக் கூடாது. நூல்காரருக்குக் கொடுக்கவேண்டிய காசு அதற்குள்தான் இருக்கிறது.

குறைகளும் உண்டு. இந்த வழியால் கொமிஷன் ஒரு சதம்கூடக் குறையாது. காரணத்தைச் சொல்லிவிட்டு அதே அநியாயத்தைத் தொடரலாம். ஐரோப்பாவிலேயே வியாபாரிகள் பலருக்கு இப்படி ஒரு விதி இருப்பது தெரியவில்லை, நடைமுறைப்படுத்தலும் பலவீனம் என்ற விமர்சனம் இருக்கிறது. விதியைச் சுற்றிப் போகவும் தளங்களுக்குத் தெரியும். தென்கொரியா 2021 இல், செயலிக்குள் தங்கள் கட்டண முறையை மட்டுமே பயன்படுத்தும்படி கூகுளும் அப்பிளும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் போட்டது. இரண்டும் வேறு கட்டண முறையை அனுமதித்தன. ஆனால் 30 வீதம் எடுத்த இடத்தில் 26 வீதம் எடுத்தன. வேறு கட்டண முறைக்கான செலவையும் சேர்த்தால் செயலி உருவாக்குபவருக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. சட்டத்தின் எழுத்து நிறைவேறியது, நோக்கம் நிறைவேறவில்லை.

பருவத்தை நம்பிப் பிழைக்கும் சிறியவர்கள் நிறைந்த சந்தைக்கும், ஆட்பலம் குறைந்த அரசுக்கும் இது நன்றாகப் பொருந்தும். எங்களுடைய நிலைமை இதுதான்.

## வழி 4: பொது வழித்தடத்தை அமைத்துப் போட்டியை உருவாக்குவது

பெரியவரைக் கட்டிப்போடுவதை விட, அவர் இல்லாமலும் வியாபாரம் செய்ய ஒரு பாதை போடுவது இந்த வழி. இந்தியாவின் யூபிஐ 2016 இல் வந்தது. எந்த வங்கிக் கணக்கிலிருந்தும், எந்தச் செயலி வழியாகவும், எந்தக் கடைக்கும் காசு போகும். அதே எண்ணத்தில் ஓஎன்டிசி என்ற திறந்த வணிக வலையமைப்பு 2022 இல் இயங்கத் தொடங்கியது. வாங்குபவர் ஒரு செயலியிலும் விற்பவர் வேறொன்றிலும் இருக்கலாம். பெங்களூரில் நம்ம யாத்ரி செயலி, ஓட்டத்துக்கு ஓட்டம் கொமிஷன் வெட்டாமல் ஆட்டோக்காரரிடம் சிறு சந்தா வாங்கி நடக்கிறது. மட்டக்களப்பு ஆட்டோச் சங்கங்கள் பார்த்துப் படிக்கவேண்டிய மாதிரி அது.

எங்களிடமும் ஒரு துண்டு இருக்கிறது. எல்லா வங்கிகளுக்கும் பொதுவான கட்டணக் குறியீடான லங்காகியூஆர் ஒட்டியிருக்கும் கடையில் இன்ன வங்கியின் செயலிதான் வேண்டும் என்றில்லை. 2024 பெப்ரவரியில் யூபிஐயும் இலங்கைக்கு வந்தது. பாசிக்குடாவுக்கு வரும் இந்தியப் பயணி தன் தொலைபேசியிலிருந்தே கட்டலாம்.

ஆனால் பாதை போட்டால் போட்டி தானாக வந்துவிடும் என்று நம்பக் கூடாது. யூபிஐ பரிவர்த்தனைகளில் ஏறத்தாழ 80 வீதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு செயலிகளிடம் இருக்கிறது. எந்தச் செயலியும் 30 வீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதியை 2020 இல் அறிவித்தும் அதன் கெடுவை மீண்டும் மீண்டும் தள்ளி, 2026 இறுதிவரை கொண்டுவந்துவிட்டார்கள். பொருள் பழுதாக வந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வியும் திறந்த வலையமைப்பில் இழுபடும். ஒரே தளத்தில் என்றால் குறைந்தபட்சம் திட்டுவதற்கு ஒரு முகவரி உண்டு. கட்டிப் பராமரிக்க வருடாவருடம் பொதுப்பணமும் வேண்டும்.

கட்டணம் செலுத்தல், ஆட்டோ ஓட்டம் போன்ற, எங்கும் ஒரே மாதிரியான எளிய சேவைகளுக்கு இது சிறந்தது. சாறிக்கும் விடுதி அறைக்கும் பொருந்துவது கடினம். அங்கே வாடிக்கையாளர் படத்தையும் மற்றவர்களின் மதிப்பீட்டையும் பார்த்து நம்பி வாங்குகிறார், அந்த நம்பிக்கை பெரிய தளங்களிடம்தான் குவிந்திருக்கிறது.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | இருக்கும் சட்டம் | முன்கூட்டிய பட்டியல் | நடைமுறை நியாயம் | பொது வழித்தடம் |
|---|---|---|---|---|
| தீர்வு வரும் காலம் | பல வருடம் | பட்டியல் அமைய வருடங்கள், பிறகு ஓரளவு வேகம் | நாட்கள் அல்லது வாரங்கள் | கட்டி முடியும்வரை ஒன்றுமில்லை |
| நிரூபிக்கும் சுமை | முறையிடுபவருக்கும் அதிகாரசபைக்கும் | பெரும்பாலும் தளத்துக்கு | தளத்துக்கு | கேள்வியே எழாது |
| அரசுக்கு வேண்டிய பலம் | விசாரணை நிபுணர், சட்டத்தரணிகள் | மிக அதிகம் | மாவட்ட மட்ட உத்தியோகத்தர் | பணமும் தொழில்நுட்பமும் |
| மறைமுகச் செலவு | பழிவாங்கும் பயம் | சேவைத் தாமதம், வேறு பெரியவருக்கு இலாபம் | கொமிஷன் குறையாது, சுற்றிப் போகலாம் | பொறுப்பு யாருக்கு என்ற குழப்பம் |
| உள்ளூர்த் தளங்களுக்கு | பாதிப்பு குறைவு | எல்லையைத் தாழ்த்தினால் ஆபத்து | சிறியவர்களுக்கு விலக்கு கொடுத்தால் பரவாயில்லை | வாய்ப்பு |

## எந்த வழியோடும் சேரவேண்டிய ஒன்று: நிறுவன இணைப்பைத் தட்டிக்கேட்கும் அதிகாரம்

2018 மார்ச்சில் ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிராப் நிறுவனத்துக்கு விற்றது. போட்டியிட்ட இரண்டு செயலிகள் பல நாடுகளில் ஒரேயடியாக ஒன்றாகிவிட்டன. சிங்கப்பூரிடம் இணைப்பைப் பார்க்கும் சட்டம் இருந்ததால், அந்த வருடம் செப்டெம்பரிலேயே இரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 1.3 கோடி சிங்கப்பூர் டொலர் அபராதம் போட்டு, சாரதிகளைத் தன்னிடம் மட்டும் கட்டிவைக்கும் ஏற்பாடுகளையும் நீக்கச் சொன்னது. இலங்கையில் 2024 இல் டயலொக்கும் எயார்டெல் லங்காவும் இணைந்தபோது பார்க்க ஓர் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு இருந்தது, அது தொலைத்தொடர்பு என்பதால். நாளைக்கு இங்கே இயங்கும் இரண்டு வாகனச் செயலிகளோ இரண்டு விற்பனைத் தளங்களோ கைகோர்த்தால் கேட்க ஆளில்லை. 2003 இல் விட்ட அந்த அதிகாரத்தைத் திரும்பக் கொண்டுவருவது, எந்த வழியைத் தெரிவு செய்தாலும் வேண்டும்.

## யார் எதைக் கேட்பது

பேஸ்புக், டிக்டொக், விற்பனைத் தளங்களை நம்பி இருக்கும் நெசவாளர், தையல்காரர், உணவு தயாரிப்பவர் எல்லோருக்கும் வழி 3. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பாராளுமன்றத்தில் பெரிய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத அளவுக்கு இது சிறியது.

விடுதிக்காரர்கள் வழி 3 உடன், வழி 2 இலிருந்து அந்த ஒரே துண்டையும் சேர்த்துக் கேட்கலாம். விலைச் சமநிலை நிபந்தனை ஐரோப்பாவில் நீங்கியது போல இங்கேயும் நீங்கவேண்டும். அறுகம்பேயின் பருவம் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் என்பதால், அதற்கு முன்பே கேட்பது நல்லது.

ஆட்டோ ஓட்டுபவர்களுக்கு வழி 4, அதோடு இணைப்புக் கட்டுப்பாடு. கொழும்பு அளவுக்குச் செயலிகள் எங்கள் பக்கம் இன்னும் இறுகவில்லை, அதனால் மாற்றுப் பாதை போட இப்போது இடமிருக்கிறது. வழி 1 யாருக்கும் முதல் கோரிக்கையாக வேண்டாம். ஆனால் அதைக் கைவிடவும் வேண்டாம், மற்ற மூன்றும் பிடிக்காத தவறுகளுக்கு அது இருக்கட்டும்.

கடிதத்தில் கொள்கையை இரண்டு பந்தியில் முடித்துவிட்டு, மிகுதி இடத்தைச் சான்றுக்கு விடுங்கள். முடக்கல் அறிவித்தலின் ஸ்கிரீன்ஷொட் திகதியோடு, தளம் அனுப்பிய எல்லா மின்னஞ்சல்களும், ஒப்பந்தத்தில் விலை பற்றிய பக்கம், தடைப்பட்ட நாட்களில் வந்து நிறைவேற்ற முடியாமல் போன ஆர்டர்கள், பிடித்துவைத்த தொகை. பத்துப் பேர் சேர்ந்து கொடுத்தால் தனி ஆள் மீது பழி விழும் பயமும் குறையும். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் மாவட்ட அலுவலகத்தில் தமிழிலேயே கொடுங்கள், பதிவு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு பிரதியை டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம்.